காட்டில் மரம் குறைந்தால் காடு குறைந்ததா?

கீரைப் பாத்தி பார்த்திருப்பீர்கள். விதையைத் தூவித் தண்ணீர் தெளிக்கிறோம். சில நாளில் பாத்தி முழுவதும் பச்சைப் பசேல் என்று முளைத்து நிற்கிறது. விரல் வைக்க இடம் இருக்காது. அப்புறம் நாம் என்ன செய்கிறோம்? நெருக்கமாக நிற்பதைப் பிடுங்குகிறோம். எள்ளுக்கும் இப்படித்தான். கேழ்வரகுக்கும் இப்படித்தான். இதற்குப் பயிர் கலைத்தல் என்று பெயர்.

கலைக்காமல் விட்டால் என்ன ஆகும்? எல்லாச் செடியும் நூல் மாதிரி உயரமாக வளரும். தண்டு தடிக்காது. இலை விரியாது. கொஞ்ச நாளில் பல செடிகள் தாமாகவே வாடிச் சாகும்.

கீரையைக் கலைக்க நாம் இருக்கிறோம். காட்டைக் கலைக்க யார் இருக்கிறார்கள்?

யாரும் வேண்டாம். காடு தன்னைத் தானே கலைத்துக்கொள்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

ஊர்க் கூட்டத்தில் ஒரு சண்டை

ஒரு ஊரை நினைத்துக்கொள்வோம். அந்த ஊரார் மலையடிவாரக் காட்டுக்குக் காவல் போட்டார்கள். ஆடு மாடு போகாமல் பார்த்துக்கொண்டார்கள். வெட்டுக்கத்தியோடு யாரையும் விடவில்லை. மொட்டையாகக் கிடந்த நிலத்தில் இளமரங்கள் நெருக்கமாக எழுந்தன. ஓர் இடத்தில் 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கயிறு கட்டி எண்ணினார்கள். 144 மரங்கள் இருந்தன. நோட்டில் எழுதி வைத்தார்கள்.

பல ஆண்டுகள் போயின. அதே இடத்தில் மறுபடியும் எண்ணினார்கள். 48 மரங்கள்தான் இருந்தன.

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. "96 மரம் எங்கே போச்சு?" என்று ஒருவர் கேட்டார். "காவலுக்குப் போனவங்களைக் கேளுங்க" என்றார் இன்னொருவர். காவலுக்குப் போனவர்களில் ஒரு அம்மாவும் இருந்தார். அவர் எழுந்தார். "ஐயா, நாங்க ஒரு குச்சியைக் கூட ஒடிக்கலே. யாரையும் ஒடிக்க விடவும் இல்லே" என்றார். அவரை யாரும் நம்பவில்லை. நோட்டில் இருக்கும் எண்ணிக்கையைத்தான் நம்பினார்கள்.

இது நாமாக நினைத்துக்கொண்ட ஊர்தான். ஆனால் இப்படி நடக்க முடியும். இப்போது எண்ணைப் படிக்கக் கற்றுவிட்டோம். எண் என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ளவும் கற்க வேண்டும். அந்த அம்மா சொன்னது பொய்யா, மெய்யா? பார்ப்போம்.

மரங்கள் ஏன் தாமாகச் சாகின்றன?

மரத்துக்கு மூன்று பொருள் முக்கியம். வெயில், தண்ணீர், மண்ணில் உள்ள சத்து. இலைகள் வெயிலைக் கொண்டுதான் உணவு சமைக்கின்றன. வெயில் இல்லாத இலைக்கு அடுப்பு இல்லை.

ஒரு ஏக்கர் நிலத்தில் விழும் வெயிலுக்கு ஓர் அளவு உண்டு. மரம் வளர்ந்தால் வெயில் கூடாது. மழையும் கூடாது. மரம் சின்னதாக இருக்கும்போது இந்த வெயில் எல்லாருக்கும் போதும். மரம் வளர்ந்து தலையை விரிக்கிறது. பக்கத்து மரமும் விரிக்கிறது. ஒரு நாள் இரண்டு தலைகளும் முட்டிக்கொள்கின்றன. காட்டின் மேலே இலைகளால் ஒரு கூரை போட்டது போல் ஆகிவிடுகிறது.

அன்று போட்டி தொடங்குகிறது. ஒரு சாண் உயரமாக இருந்த மரம் வெயிலைப் பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் குட்டையாக இருந்த மரம் நிழலில் மாட்டிக்கொள்கிறது. வெயில் பிடித்த மரம் இன்னும் வேகமாக வளரும். நிழலில் மாட்டியது இன்னும் பின்தங்கும். மண்ணுக்கு அடியிலும் இதே கதைதான். வேர்கள் தண்ணீருக்குப் போட்டி போடுகின்றன.

பின்தங்கிய மரம் உடனே சாவதில்லை. முதலில் கீழ்க் கிளைகள் காயும். தலைப்பகுதி சிறுத்துப் போகும். பிறகு ஒரு கோடையில் வறட்சி வரும். அல்லது புழுவோ பூஞ்சையோ தாக்கும். பலமுள்ள மரம் தாங்கிக்கொள்ளும். இது தாங்காது. நின்றபடியே காய்ந்துவிடும். சில ஆண்டுகளில் முறிந்து விழும். கரையான் தின்று மண்ணாக்கிவிடும். அது நின்ற அடையாளம் கூட இருக்காது.

காடு வளரும்போது இப்படி மரம் மரமாகக் குறையும். மிச்சம் இருப்பவை பெரிதாகும்.

ஒரு எளிய கணக்கு

எவ்வளவு குறையும்? இதற்கு ஒரு கணக்கு உண்டு.

ரெய்னிக்கி என்பவர் அமெரிக்காவில் மரங்களை ஆராய்ந்தார். ஒரே வயது மரங்கள் நெருக்கமாக நிற்கும் காடுகளின் கணக்குகளை எடுத்துக்கொண்டார். மரங்களின் சராசரித் தடிமன் எவ்வளவு, எத்தனை மரங்கள் நிற்கின்றன என்று ஒப்பிட்டார். 1933-ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டார்.

அவர் கண்ட கணக்கை நாம் இப்படிச் சொல்லலாம். முழு நெருக்கமாக உள்ள காட்டில், மரங்களின் தடிமன் இரண்டு மடங்கு ஆகும்போது, எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

தடிமன் இரண்டு மடங்கு ஆனால், சுற்றளவும் இரண்டு மடங்குதான் ஆகும். சுற்றளவை நூலால் அளந்துவிடலாம். அதனால் நாம் சுற்றளவிலேயே கணக்குப் போடுவோம்.

ஒரு ஹெக்டேர் காடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர்.

மரங்களின் சுற்றளவு 30 சென்டிமீட்டர். அப்போது 3,600 மரங்கள்.

சுற்றளவு 60 சென்டிமீட்டர் ஆகிறது. இப்போது 1,200 மரங்கள்.

சுற்றளவு 120 சென்டிமீட்டர் ஆகிறது. இப்போது 400 மரங்கள்.

3,600 எங்கே, 400 எங்கே! காடு அழிந்துவிட்டது என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். மரத்தை அறுத்தால் தெரியும் வட்டமான வெட்டு முகத்தை நினைத்துப் பாருங்கள். சுற்றளவு இரண்டு மடங்கு ஆனால், அந்த வெட்டு முகத்தின் பரப்பு நான்கு மடங்கு ஆகும்.

முதலில் ஒரு மரத்தின் பரப்பை 1 என்று வைப்போம். 3,600 மரத்துக்கு 3,600.

பிறகு ஒரு மரத்துக்கு 4. ஆகவே 1,200 மரத்துக்கு 4,800.

கடைசியில் ஒரு மரத்துக்கு 16. ஆகவே 400 மரத்துக்கு 6,400.

பார்த்தீர்களா? மரங்களின் எண்ணிக்கை இறங்கியது. ஆனால் காட்டில் உள்ள மொத்த மரச்சரக்கு ஏறியது. மரங்கள் உயரமும் ஆகியிருக்கும். அதையும் சேர்த்தால் சரக்கு இன்னும் கூடுதல்.

இனி அந்த ஊர்க் கூட்டத்துக்கு வருவோம். 144 மரம் 48 ஆனது. 144-ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள். 48 வருகிறது. மரங்களின் சுற்றளவு 30 சென்டிமீட்டரில் இருந்து 60 ஆகியிருந்தால், இது இயற்கையாகவே நடந்திருக்கலாம். அப்படியானால் அந்த அம்மா சொன்னது மெய்தான். கூட்டத்தில் யாரும் நூல் எடுத்து மரத்தை அளக்கவில்லை. அதனால் வந்த சண்டை அது.

எல்லா மரத்துக்கும் ஒரே கணக்கா?

குறையும் விதம் பல இனங்களில் ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறது. சிறு செடிகளிலும் இது உண்டு. ஜப்பானில் யோடா என்ற அறிஞரும் உடன் வேலை செய்தவர்களும் செடிகளை நெருக்கமாக வளர்த்துப் பார்த்தார்கள். செடி எடை கூடக் கூட எண்ணிக்கை ஓர் ஒழுங்கோடு குறைவதைக் கண்டு, 1963-ஆம் ஆண்டு எழுதினார்கள். நம் கீரைப் பாத்தியும் அந்தக் கணக்கில்தான் வரும்.

ஆனால் இரண்டு வித்தியாசங்களை மறக்கக் கூடாது.

ஒன்று, எத்தனை மரம் நெருங்கி நிற்க முடியும் என்பது இனத்துக்கு இனம் மாறும். தேக்கு வெயில் பிரியன். நிழலில் நிற்காது. அதற்கு இடம் நிறைய வேண்டும். இமயமலையில் சீர் பைன் என்ற மரமும் அப்படியே. அதே இமயமலையின் உயரத்தில் ஃபர் என்ற மரம் இருக்கிறது. அது நிழலைப் பொறுத்துக்கொள்ளும். அதனால் நெருங்கி வாழ முடியும். மூன்றில் ஒன்று என்பதும் தராசு போட்ட கணக்கு அல்ல. இனத்துக்கு இனம் கொஞ்சம் கூடும், குறையும்.

இரண்டு, மண் நன்றாக இருந்தால் மரம் வேகமாகப் பெருக்கும். அங்கே எண்ணிக்கையும் வேகமாகக் குறையும். வறண்ட மண்ணில் எல்லாம் மெதுவாக நடக்கும். ஆகவே காட்டின் வயதை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. மரத்தின் பருமனைப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று. பல வயது மரங்கள் கலந்த பழைய காட்டில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே ஒரு பெரிய மரம் விழுந்தால் கூரையில் ஓட்டை விழும். வெயில் தரைக்கு வரும். காத்திருந்த கன்றுகள் எழும். தாத்தா, மகன், பேரன் எல்லாரும் ஒரே வீட்டில் வாழும் குடும்பம் அது.

நிலம்பூர் தேக்கு

கேரளத்தில் நிலம்பூர் என்ற ஊர் இருக்கிறது. 1840-களில் மலபார் கலெக்டராக இருந்த கனோலி அங்கே தேக்கு நட ஏற்பாடு செய்தார். சாத்து மேனோன் என்பவர் அந்த வேலையை நடத்தினார். கப்பல் கட்ட ஆங்கிலேயருக்குத் தேக்கு வேண்டியிருந்தது. காட்டுத் தேக்கு வெட்ட வெட்டத் தீர்ந்துகொண்டிருந்தது. அதனால்தான் நட்டார்கள்.

அந்தக் காலத் தேக்கில் ஒரு சிறு பகுதியை இன்றும் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கனோலி தோட்டம் என்று பெயர். பரப்பு 2.3 ஹெக்டேர். மரங்களுக்கு 175 வயதுக்கு மேல் ஆகிறது. இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத மரங்கள் உண்டு. எத்தனை மரம் இருக்கும்? நூறை ஒட்டித்தான் இருக்கும். ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஐம்பது.

இன்று தேக்கு நடும்போது இரண்டு மீட்டருக்கு ஒரு கன்று வைப்பது வழக்கம். அப்படி வைத்தால் ஹெக்டேருக்கு 2,500 கன்றுகள். இவ்வளவையும் கடைசி வரை விட்டு வைப்பதில்லை. சில ஆண்டுகளில் ஒன்று விட்டு ஒன்று எடுக்கிறார்கள். 1,250 மிஞ்சும். இன்னும் சில ஆண்டுகளில் மறுபடியும் பாதி எடுக்கிறார்கள். 625 மிஞ்சும். அதன் பிறகு மரம் மரமாகப் பார்த்து, பின்தங்கியதை, வளைந்ததை, நோய் கண்டதை எடுக்கிறார்கள்.

இயற்கை செய்யும் வேலையை மனிதர் கொஞ்சம் முன்னதாகச் செய்கிறார்கள். சாகப் போகும் மரம் வீணாகாமல் கழியாகவும் விறகாகவும் கைக்கு வருகிறது. மிச்சம் நிற்கும் மரம் நன்றாகப் பெருக்கிறது.

கலைக்காமல் விட்டால் எல்லாம் ஒல்லிக் கழியாக நிற்கும். அளவுக்கு மீறிக் கலைத்தாலும் கெடுதல்தான். தரையில் வெயில் விழும். உண்ணிச்செடியும் புல்லும் மண்டும். கோடையில் தீப் பிடிக்கும். மழையில் மண் அரித்துப் போகும்.

அரபாரி சால் காடு

மேற்கு வங்கத்தில் மேதினிப்பூர் பக்கம் அரபாரி என்ற இடம் இருக்கிறது. அங்கே சால் மரக் காடு. விறகுக்காக வெட்டி வெட்டி அந்தக் காடு வெறும் கட்டைகளாகக் கிடந்தது. வெட்டியவர்கள் ஏழைகள். அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

1972-ஆம் ஆண்டு வாக்கில் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி ஊராரோடு பேசினார். 11 கிராமங்கள், 618 குடும்பங்கள். காடு 1,272 ஹெக்டேர். "நீங்கள் காவல் காருங்கள். காட்டில் உங்களுக்கு வேலை தருகிறோம். மரம் விற்கும்போது நூற்றில் 25 பங்கு உங்களுக்கு" என்பது ஏற்பாடு.

சால் மரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். நாம் கரும்பில் மறுதாம்பு விடுகிறோம் அல்லவா? அது போல. காவல் போட்டதும் கட்டைகள் துளிர்த்தன. புதிதாக நடாமலே பெரும் பரப்பு காடாக எழுந்தது.

ஆனால் ஒரு கட்டையிலிருந்து பல துளிர்கள் வரும். எல்லாம் ஒரே வேரில் பால் குடிக்கும் பிள்ளைகள். எல்லாவற்றையும் விட்டால் எதுவும் தேறாது. மேற்கு வங்கத்து சால் காடுகளில் நல்ல ஒன்றிரண்டை விட்டு மற்றதை வெட்டிவிடும் வழக்கம் உண்டு. வெட்டியது விறகாகவும் கழியாகவும் ஊராருக்குப் பயன்படும். இலையைத் தைத்துத் தட்டு செய்து விற்கும் பெண்களும் அந்தப் பகுதியில் ஏராளம்.

அரபாரியின் வழியைப் பார்த்து மற்ற இடங்களிலும் செய்தார்கள். 1989-இல் மேற்கு வங்க அரசு இதற்கு ஆணை போட்டது. 1990 ஜூன் மாதம் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. ஊராரும் வனத்துறையும் சேர்ந்து காடு காக்கும் திட்டம் அப்படிப் பரவியது. பின்பு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டை நம்பி வாழும் மக்கள் தங்கள் சமூகக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் அது உரிமை தந்தது.

உரிமை வந்தால் கணக்கும் நம் கைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் யாரோ சொல்லும் எண்ணுக்கு நாம் தலையாட்ட வேண்டியிருக்கும்.

எந்த மரம் போயிற்று என்று கேளுங்கள்

மரம் குறைவதெல்லாம் இயற்கை என்றும் சொல்லிவிட முடியாது. திருட்டும் உண்டு. தீயும் உண்டு. எப்படிப் பிரித்து அறிவது?

எத்தனை மரம் போயிற்று என்று கேட்டால் மட்டும் போதாது. எந்த மரம் போயிற்று என்றும் கேளுங்கள்.

இயற்கை எடுப்பது ஒல்லியான மரத்தை, நிழலில் மாட்டிய மரத்தை. திருடன் எடுப்பது பருத்த மரத்தை, நேராக வளர்ந்த மரத்தை.

இயற்கையாகச் செத்த மரம் காய்ந்து நிற்கும், அல்லது முறிந்து கிடக்கும். திருடிய இடத்தில் கோடரியோ ரம்பமோ பட்ட அடிக்கட்டை இருக்கும்.

இயற்கையாகக் குறைந்த காட்டில் அண்ணாந்து பார்த்தால் இலைக் கூரை மூடியிருக்கும். பக்கத்து மரங்கள் அந்த இடத்தை நிரப்பியிருக்கும். வெட்டிய காட்டில் வானம் திட்டுத் திட்டாகத் தெரியும்.

இயற்கையாகக் குறைந்தால் மிச்ச மரங்களின் சுற்றளவு கூடியிருக்கும். சுற்றளவு கூடாமல் எண்ணிக்கை மட்டும் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும்.

நாமே அளக்கலாம்

இதற்கு ஒரு கயிறு, ஒரு நூல், ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும்.

காட்டில் ஓர் இடத்தில் 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டுங்கள். நான்கு மூலையிலும் கல் நட்டுச் சுண்ணாம்பு பூசுங்கள். அடுத்த முறையும் அதே இடத்தில்தான் எண்ண வேண்டும்.

உள்ளே இருக்கும் மரங்களை எண்ணுங்கள். 25-ஆல் பெருக்குங்கள். ஒரு ஹெக்டேருக்கு எத்தனை மரம் என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் நூலால் அளந்து எழுதுங்கள். எப்போதும் மார்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து நாலரை அடியில் அளக்க வேண்டும்.

செத்து நிற்பவை எத்தனை, அடிக்கட்டைகள் எத்தனை, புதுக் கன்றுகள் எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். தேதி போடுங்கள். அளந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

ஓர் இடம் மட்டும் போதாது. நாலைந்து இடங்களில் செய்யுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுபடியும் செய்யுங்கள். அப்போது கூட்டத்தில் யாராவது "மரம் எங்கே?" என்று கேட்டால், நோட்டைத் திறந்து பதில் சொல்லலாம். தப்பு நடந்திருந்தால் அதையும் அந்த நோட்டே காட்டிக்கொடுக்கும்.

மரம் நடும் விழாவில் ஆயிரம் நட்டோம், லட்சம் நட்டோம் என்று சொல்வார்கள். நட்ட அன்று எண்ணுவது எளிது. பத்து ஆண்டு கழித்து எத்தனை நிற்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு பருத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் சரியான கணக்கு.

சேர்ந்து பேசுங்கள்

1. உங்கள் ஊர்ப் பக்கம் உள்ள காட்டில் அல்லது தோப்பில் எந்த மரம் வெயில் பிரியன்? எது நிழலைத் தாங்கும்?

2. ஒரு காட்டில் 20 மீட்டர் சதுரத்தில் 60 மரம் இருந்தது. இப்போது 20 மரம் இருக்கிறது. சுற்றளவு அப்படியே இருக்கிறது. என்ன நடந்திருக்கும்?

3. காட்டில் பெரிய மரங்கள் மட்டும் நிற்கின்றன. ஒரு கன்று கூட இல்லை. இது நல்லதா? ஏன் இப்படி ஆகியிருக்கும்?

4. கலைத்து எடுக்கும் விறகையும் கழியையும் ஊரில் எப்படிப் பங்கிட்டால் நியாயமாக இருக்கும்?